ஏழாம் அத்தியாயம்: பழுதுற்ற அட்டவணையை அறிதலும் மீட்டலும்

தரவுத்தளம் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட எவருக்கும், மாதக்கணக்கில் யாதொரு தொந்தரவுமின்றி ஓடிக்கொண்டிருந்த சர்வர், திடீரென்று ஒரே ஓர் அட்டவணையை மட்டும் திறக்க மறுத்து, அது பழுதடைந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறதென்றும் அதைச் செப்பனிட வேண்டுமென்றும் அறிவிக்கும் சந்தர்ப்பம் என்றேனும் ஒருநாள் வந்தே தீரும். அச்சமயம் கவுண்டரில் வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். மேலதிகாரி நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். போதாக்குறைக்குப் பிழைச் செய்தியே ‘செப்பனிடு’ என்று ஆணையிடுவது போலவும் இருக்கும். ஆகவே, ரிப்பேர் கட்டளையைத் தட்டிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணத்தைச் சிறிது நேரம் ஒத்திப்போடச் செய்வதே இந்த அத்தியாயத்தின் முதல் நோக்கம்.

செப்பனிடும் கருவி எதுவாயினும், அது மீட்டுத் தருவது அட்டவணையின் கட்டமைப்பையே. நேற்றுவரை அதற்குள் இருந்த பதிவுகள் அத்தனையும் இன்றும் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு விடை கூறும் அறிவு அக்கருவிக்கு இல்லை. வாசிக்க இயலாத பதிவை அது கழித்துவிட்டு, எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தி, ‘ஓகே’ என்று அறிக்கையும் தந்துவிடும். கட்டமைப்பைச் சீர்படுத்துவது கருவியின் காரியம். உள்ளடக்கத்தை மீட்பது, பேக்கப்பையும் லாக்குகளையும் துணைகொண்டு நாம் செய்யவேண்டிய காரியம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தவருக்கு, பின்வரும் முறைகள் இந்த வரிசையில் ஏன் அமைந்திருக்கின்றன என்பது தானே விளங்கும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் யாவும் 1995-இல் தோன்றிய மைஎஸ்கியூஎல், 2009-இல் அதிலிருந்து கிளைத்த மரியாடிபி ஆகிய இரண்டைச் சார்ந்தவை. மற்றத் தரவுத்தளங்களில் கட்டளைகள் மாறுமேயன்றி, செய்யவேண்டியவற்றின் கிரமம் பெரும்பாலும் மாறாது.

பழுதும் பழுதின் தோற்றமும்

ஓர் அட்டவணையில் தவறான தொகை ஏறியிருப்பதும், ஒரே ரசீது இருமுறை பதிவாகியிருப்பதும் இந்த அத்தியாயத்தின் விஷயமல்ல; அவை மென்பொருளை எழுதியவரோ அதைக் கையாண்டவரோ செய்த பிழைகள். அட்டவணை நம்மிடம் கொடுத்ததை அப்படியே காப்பாற்றித்தான் வைத்திருக்கிறது. டிஸ்க்கில் இருக்கும் கோப்பின் உள்ளமைப்பே சிதைந்து, சர்வர் எழுதியதைச் சர்வராலேயே வாசிக்க முடியாமற் போகும் நிலையைத்தான் நாம் பழுது என்கிறோம்.

இப்படிப்பட்ட உண்மையான பழுதுக்கும், பழுதென்று பிரமை தருகின்ற வேறு கோளாறுகளுக்கும் உள்ள பேதத்தை முதலில் தெளிதல் அவசியம். இதற்குச் சிறந்த சாதனம் எர்ரர் லாக். பயனாளியின் திரையில் தோன்றும் அரைகுறைச் செய்தியைக் கொண்டு முடிவுக்கு வராமல், அந்த லாக்கில் முதல் பிழை எந்த நேரத்தில், எந்த எண்ணோடு பதிவாயிற்று என்று பார்க்கவேண்டும். எண் மட்டும் கிடைத்து விளக்கம் கிடைக்காவிடில், மைஎஸ்கியூஎல்லுடனேயே வரும் ‘பிஎரர்’ என்ற சிறு கருவியிடம் அந்த எண்ணைக் கொடுத்தால் அதன் பொருளைச் சொல்லிவிடும். 126 என்பது இன்டெக்ஸ் கோப்பு சிதைந்ததையும், 127 என்பது பதிவுக் கோப்பு சிதைந்ததையும், 145 என்பது அட்டவணை பழுதென்று குறிக்கப்பட்டிருப்பதையும், 144 என்பது முன்பு ஒருமுறை செய்த ரிப்பேரே தோல்வியுற்றதையும் காட்டும். ஆனால் 28 என்ற எண் வந்தால் அட்டவணையில் யாதொரு குறையும் இல்லை, டிஸ்க்கில் இடம் தீர்ந்துவிட்டது என்பதே பொருள். 24 வந்தால் திறந்திருக்கும் கோப்புகள் வரம்பை மீறிவிட்டன. 13 வந்தால், யாரோ கோப்புகளை வேறொரு பயனர் பெயரில் நகலெடுத்து வைத்து, சர்வர் அவற்றைத் தொட அனுமதியில்லாமற் செய்துவிட்டார்கள்.

இவற்றுள் பலரையும் ஏமாற்றவல்ல பிரமை ஒன்று உண்டு. பழைய பதிப்புகளில், பெரிய கேள்வி ஒன்றுக்கு விடை தேடும்போது சர்வர் தன் உபயோகத்துக்காக ‘டெம்ப்’ டைரக்டரியில் ஒரு தற்காலிக அட்டவணையைப் படைத்துக்கொள்ளும். அந்த டைரக்டரியில் இடம் போதாமற் போனால், இன்டெக்ஸ் கோப்பு சரியில்லை, செப்பனிட முயலுங்கள் என்ற செய்தி வரும். செய்தியைக் கூர்ந்து படித்தால், அதில் குறிப்பிட்டிருக்கும் பெயர் நம் அட்டவணையின் பெயரன்று என்பதும், ‘#எஸ்கியூஎல்’ என்று தொடங்கும் தற்காலிகப் பெயர் என்பதும் தெரியும். அங்கே வேண்டுவது டிஸ்க்கில் இடமேயன்றி ரிப்பேர் அன்று. இதை உணராமல், நல்ல நிலையில் இருக்கும் அட்டவணையைச் செப்பனிடப் புகுவது வீண் வேலை என்பதோடு ஆபத்தான வேலையுமாகும்.

காரணத்தைத் தேடுதல்

பழுது உண்மையென்று உறுதியானால், அடுத்த கேள்வி அது எதனால் நேர்ந்தது என்பது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் நின்றுபோதல், சர்வர் புரோகிராமைக் ‘கில் மைனஸ் 9’ கொடுத்துக் கொன்றுவிடுதல், டிஸ்க்கிலோ நினைவகத்திலோ பௌதிகக் கோளாறு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் கோப்புகளை வேறொரு புரோகிராம் அதே சமயத்தில் திருத்துதல், மென்பொருளிலேயே உள்ள பிழை ஆகியவையே பிரதானமான காரணங்கள்.

மின்தடைதான் காரணமென்றால், அது நடந்து முடிந்த சம்பவம். டிஸ்க் காரணமென்றால், அது இன்னும் நடந்துகொண்டிருக்கும் சம்பவம். செப்பனிடுதல் என்பது அட்டவணை முழுவதையும் வாசித்து முழுவதையும் திரும்ப எழுதும் காரியமாதலால், சாகும் தறுவாயில் இருக்கும் டிஸ்க்கின்மேல் அதைச் செய்தால், சிறிதாக இருந்த சேதம் பெரிதாகும். ஆகவே லினக்ஸ் இயந்திரமாயின் ‘டிமெஸ்க்’ கட்டளையைக் கொடுத்து, கெர்னல் வாசிப்புப் பிழைகளைப் பதிந்திருக்கிறதா என்றும், ‘ஸ்மார்ட்சிடிஎல்’ மூலம் டிஸ்க் தன் பழுதான செக்டர்களைப் பற்றி என்ன கணக்குச் சொல்கிறது என்றும், ‘டிஎஃப்’ மூலம் இடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு அட்டவணைகள் காரணமின்றிப் பழுதாவது கண்டால், நினைவகத்தைச் சந்தேகித்து, மெம்டெஸ்ட் போன்ற சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுவது நலம்.

கைவைக்குமுன் செய்யவேண்டியவை

முதலாவது, புதிய பதிவுகள் வருவதை நிறுத்துங்கள். பழுதான கோப்பில் மேலும் எழுத எழுத, மீட்கக் கூடியவையும் அழியும்.

இரண்டாவது, சர்வர் இன்னும் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தால், பழுதில்லாத மற்ற அட்டவணைகளை உடனே ‘மைஎஸ்கியூஎல்டம்ப்’ கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். நிறுத்திய சர்வர் மறுபடி எழும் என்பதற்கு இச்சமயத்தில் உத்தரவாதம் கிடையாது.

மூன்றாவது, சர்வரை முறைப்படி நிறுத்தி, டேட்டா டைரக்டரி முழுவதையும், கோப்புகளின் உரிமையும் அனுமதியும் மாறாதவாறு, மற்றொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பழுதான அட்டவணையின் கோப்பை மட்டும் எடுத்தால் போதாதா என்றால், இன்னோடிபி என்ற சேமிப்பு எஞ்சினைப் பொறுத்தவரையில் போதாது. ‘ஐபிடேட்டா1’ என்ற பொதுக் கோப்பும், மாறுதல்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ரீடூ லாக் கோப்புகளும், ஒவ்வோர் அட்டவணைக்கும் உரிய ‘ஐபிடி’ கோப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை. டிஸ்க்கே கெட்டிருப்பின், சாதாரணமாக நகலெடுக்கும் கட்டளை முதல் பிழையிலேயே நின்றுவிடக்கூடும். அதற்கு ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவி, வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, வாசிக்க இயலாதவற்றைப் பின்னர் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும்.

நான்காவது, ரெப்ளிகா சர்வர் ஒன்று இருக்கிறதாயின் அதைப் போய்ப் பாருங்கள். மூல சர்வரிலிருந்து ரெப்ளிகாவுக்குச் செல்வது கட்டளைகளோ பதிவுகளின் மாறுதல்களோதான். டிஸ்க்கிலுள்ள பைட்டுகள் அப்படியே செல்வதில்லை. ஆதலால் இங்கே டிஸ்க்கில் நேர்ந்த சிதைவு அங்கே சாதாரணமாகப் பரவாது. நல்ல ரெப்ளிகா கிடைத்தால், அதையே மூல சர்வராக்கி வேலையைத் தொடரச் செய்துவிட்டு, பழுதை ஆறஅமர ஆராயலாம்.

மூன்றாவதாகச் சொன்ன டேட்டா டைரக்டரியின் நகல் கையில் இருக்கும்வரையில், பின்னால் எந்தச் சோதனை தோற்றாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவரலாம்; நகலில்லாமல் தொடங்கியவருக்கு அந்த வசதி இல்லை.

மைஐசாம் அட்டவணைகள்

2010-இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் 5.5 பதிப்புக்கு முன்னர், எஞ்சின் இன்னதென்று குறிப்பிடாமல் படைத்த அட்டவணைகள் யாவும் மைஐசாம் வகையைச் சேர்ந்தவையாகவே அமைந்தன. அப்பதிப்பிலிருந்துதான் இன்னோடிபி அந்த ஸ்தானத்தைப் பெற்றது. பழைய இணையதளங்களிலும், பல்லாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அலுவலக மென்பொருள்களிலும் மைஐசாம் இன்றும் காணக் கிடைக்கிறது. டேட்டா டைரக்டரியில் அட்டவணையின் பெயரோடு ‘எம்ஒய்டி’, ‘எம்ஒய்ஐ’ என்று முடியும் இரு கோப்புகள் இருந்தால் அது மைஐசாம். முன்னதில் பதிவுகளும் பின்னதில் இன்டெக்ஸ்களும் இருக்கும். ஒரு நூலின் இறுதியிலுள்ள பொருளடைவு கிழிந்துபோனால், நூலைப் படித்து மறுபடி எழுதிக்கொள்ளலாம், நூலே கிழிந்துபோனால் பொருளடைவைக் கொண்டு நூலை எழுத முடியாது என்பதைப் போல, எம்ஒய்ஐ கோப்பின் சேதம் முற்றிலும் பரிகரிக்கத்தக்கது. எம்ஒய்டி கோப்பின் சேதம் அப்படியன்று.

சோதிப்பதற்குரிய கட்டளை ‘செக் டேபிள்’. இது நான்கு பத்திகளில் விடை தரும்: அட்டவணையின் பெயர், செய்த காரியம், செய்தியின் வகை, செய்தி. சர்வர் ஓர் அட்டவணையில் எழுதத் தொடங்கும்போது எம்ஒய்ஐ கோப்பின் தலைப்பில் ஓர் அடையாளம் இட்டு, மூடும்போது அதை நீக்கிவிடும். மின்சாரம் நின்றுபோயிருந்தால் அந்த அடையாளம் நீங்காமலே இருக்கும். அப்போது, யாரோ இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் அல்லது முறையாக மூடவில்லை என்ற எச்சரிக்கை மட்டும் வரும். அதைத் தொடர்ந்து கடைசி வரியில் ‘ஓகே’ என்றிருந்தால் கவலைக்கு இடமில்லை. அதற்கு மாறாக, ஓர் இன்டெக்ஸ் சுட்டுகின்ற பதிவு கோப்பின் எல்லைக்கே அப்பாற்பட்டிருக்கிறதென்றோ, பதிவுக் கோப்பின் அளவு இருக்கவேண்டியதைவிடக் குறைவாக இருக்கிறதென்றோ ‘எர்ரர்’ வகைச் செய்தி வந்து, இறுதியில் ‘கரப்ட்’ என்று முடிந்தால் பழுது உறுதி.

பரிகாரத்தில் மெல்லியதை முதலிலும் வலியதைப் பின்னும் பிரயோகிக்கவேண்டும். ‘ரிப்பேர் டேபிள்’ கட்டளையோடு ‘குயிக்’ என்ற சொல்லைச் சேர்த்தால், அது எம்ஒய்டி கோப்பைத் தொடாமல் இன்டெக்ஸை மட்டும் புதிதாகக் கட்டும். அது தோற்றால், சொல்லெதுவும் சேர்க்காத சாதாரண ரிப்பேர்; அது பதிவுகளையும் ஒவ்வொன்றாக வாசித்து, ‘டிஎம்டி’ என்ற தற்காலிகக் கோப்பில் எழுதிப் பின் பழையதற்குப் பதிலாக வைக்கும். ஆகையால் அட்டவணையின் அளவுக்குச் சமமான இடமேனும் டிஸ்க்கில் காலியாக இருக்கவேண்டும். அதுவும் தோற்றால் ‘எக்ஸ்டெண்டெட்’. இது இன்டெக்ஸைப் பதிவு பதிவாகக் கட்டுவதால் மிக மெதுவாக நடக்கும். எம்ஒய்ஐ கோப்பே தொலைந்துபோனாலோ அதன் தலைப்பு சிதைந்துபோனாலோதான் ‘யூஸ் எஃப்ஆர்எம்’ என்ற கடைசி உபாயம். இதில் ஆட்டோ இன்கிரிமென்ட் எண் தொலைந்துபோகும் என்பதையும், பழைய சர்வர்களில், வேறு பதிப்பில் படைத்த அட்டவணையின்மேல் இதைப் பிரயோகித்தால் பதிவுகளையே இழக்க நேரிடலாம் என்பதையும் மறக்கலாகாது. ரிப்பேர் நடக்கும்போதே சர்வர் விழுந்துவிட்டால், மறுபடி எழுப்பியவுடன் அந்த அட்டவணையில் வேறெதையும் செய்யாமல், முதற்காரியமாக ரிப்பேரையே மீண்டும் நடத்தவேண்டும்.

சர்வரே எழ மறுக்கும் நிலையில் ‘மைஐசாம்செக்’ என்ற தனிக் கருவி உதவும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது இதை ஒருபோதும் பிரயோகிக்கக்கூடாது. இருவர் ஒரே கோப்பில் ஒரே சமயத்தில் எழுதுவதனால் வரும் பழுது, தொடக்கத்தில் இருந்த பழுதைவிடக் கொடியது.

இனி, ரிப்பேர் வெற்றியடைந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையின் ‘ரசீது’ அட்டவணை என்று கொண்டால், விடையில் இரண்டு வரிகள் இப்படி இருக்கக்கூடும்: ‘எச்சரிக்கை: பதிவுகளின் எண்ணிக்கை 8142-இலிருந்து 8139-க்கு மாறியது’, அதன் கீழே, ‘நிலை: ஓகே’. அவசரத்தில் இருப்பவர் கண்ணில் படுவது இரண்டாம் வரி. படவேண்டியது முதல் வரி. மூன்று ரசீதுகள் காணாமற் போயிருக்கின்றன. அவை எவை என்று அறிய, நேற்றிரவு எடுத்த டம்ப்பை வேறொரு பெயருள்ள தரவுத்தளத்தில் ஏற்றி, அங்கே இருந்து இங்கே இல்லாத ரசீது எண்களை ஒரு ‘லெஃப்ட் ஜாயின்’ மூலம் பட்டியலிடவேண்டும். இரண்டு எண்கள் அதில் அகப்பட்டு, மூன்றாவது அகப்படாவிடில், அது இன்று காலையில் எழுதப்பட்டது என்று அனுமானித்து, மாறுதல்களை வரிசையாகப் பதியும் பைனரி லாக்கிலும், அதிலும் இல்லையேல் கவுண்டரில் உள்ள காகித அடிக்கட்டையிலும் தேடவேண்டும். மூன்றும் தம் இடத்தில் வந்து அமர்ந்த பிறகே அந்த அட்டவணை மீண்டது என்று சொல்லத்தகும்.

இன்னோடிபி அட்டவணைகள்

இன்னோடிபியின் சுபாவம் வேறு. அது எந்த மாறுதலையும் அட்டவணையின் கோப்பில் எழுதுமுன் ரீடூ லாக்கில் எழுதிவைத்துக்கொள்ளும். சர்வர் திடீரென விழுந்து எழும்போது, லாக்கில் உள்ளவற்றை முதலில் மறுபடி நிறைவேற்றி, பின்னர் முடிவுபெறாத பரிவர்த்தனைகளை நீக்கிவிடும். இவ்வகை மீட்புமுறைக்கு விரிவான இலக்கணம் வகுத்த ஆய்வுகளுள் பிரசித்தமானது, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று ஐபிஎம் நிறுவனத்தில் ஆராய்ச்சி புரிந்த சி. மோகனும் அவருடைய சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’. மேலும், 16 கிலோபைட் அளவுள்ள ஒரு பக்கம் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றுபோனால் என்ன செய்வது என்பதற்காக, ஒவ்வொரு பக்கத்தையும் ‘டபிள்ரைட்’ என்ற இடத்தில் ஒருமுறை எழுதிவிட்டே உரிய ஸ்தானத்தில் எழுதுகிறது. எனவே மின்தடைக்குப் பின் இன்னோடிபிக்கு நாம் செய்யவேண்டிய சிகிச்சை, சர்வரைத் தொடங்கிவிட்டுப் பொறுமையாக இருப்பதே. லாக் பெரிதாக இருந்தால் இம்மீட்பு நெடுநேரம் பிடிக்கலாம். நின்றுவிட்டதோ என்று எண்ணி அதை இடையில் கொல்லுவது கூடாது.

இத்தனை பாதுகாப்பையும் மீறி ஒரு பக்கம் சிதைந்தால், அதில் பொறித்துள்ள செக்சம் பொருந்தாமற் போவதைக் கண்டு, தவறான தரவைத் தருவதைவிட நிற்பதே மேல் என்று சர்வர் தானே நின்றுவிடும். எர்ரர் லாக்கில் எந்தக் கோப்பில் எத்தனையாவது பக்கம் என்ற விவரம் இருக்கும். அது 1280-ஆம் பக்கம் என்றிருந்தால், 1280-ஐ 16,384-ஆல் பெருக்க 2,09,71,520 பைட், அதாவது கோப்பின் தொடக்கத்திலிருந்து சரியாக 20 மெகாபைட் தொலைவு என்று தேறும். ஒரு பதிவு சுமார் 200 பைட் எனில், ஒரு பக்கத்தில் எழுபது எண்பது பதிவுகளே அடங்கும் என்பதால், சிதைந்தது பதிவுகளைத் தாங்கும் கடைநிலைப் பக்கமாயின், இழப்பின் எல்லை எவ்வளவு என்பதையும் இதனாலேயே மதிப்பிடலாம். சிதைந்தது ஒரு பக்கமா பல பக்கங்களா என்பதை, சர்வரை நிறுத்திவிட்டு ‘இன்னோசெக்சம்’ என்ற கருவியைக் கோப்பின்மேல் ஓட்டி அறியலாம்.

‘ரிப்பேர் டேபிள்’ இங்கே செல்லாது. இந்த எஞ்சின் ரிப்பேரை ஆதரிப்பதில்லை என்ற குறிப்பு மட்டும் வரும். ஆனால் ‘செக் டேபிள்’ செல்லும். இன்ன இன்டெக்ஸில் 8139 குறிப்புகள் உள்ளன, 8142 இருக்கவேண்டும் என்று அது சொல்லி, அந்த இன்டெக்ஸும் பிரைமரி கீயல்லாத துணை இன்டெக்ஸாக இருந்துவிட்டால், பெரும்பாலும் தப்பித்தோம் என்றே கொள்ளலாம். ஏனெனில் இன்னோடிபியில் பதிவுகள் வாழ்வது பிரைமரி கீயோடுதான். துணை இன்டெக்ஸை நீக்கிவிட்டு மறுபடி படைத்தால் காரியம் முடிந்தது.

பிரைமரி கீயைச் சேர்ந்த பக்கமே சிதைந்திருந்தால், அட்டவணையிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு, அதைப் புதிதாகக் கட்டுவதுதான் வழி. அமைப்புக் கோப்பில் ‘இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி’ என்பதற்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்துச் சர்வரைத் தொடங்கினால், அது சிதைந்த பக்கத்தைக் கண்டும் நில்லாமல், கூடியமட்டும் அதைத் தாண்டிச் செல்ல முயலும். இம்மதிப்பு 1 முதல் 6 வரை செல்லும். 2 பின்னணி வேலைகளை நிறுத்தும். 3 முடிவுபெறாத பரிவர்த்தனைகளை நீக்காமல் விட்டுவிடும். இம்மூன்றுக்குள் டம்ப் எடுக்க முடிந்தால், சிதைந்த பக்கங்களில் இருந்த சிலவற்றைத் தவிர மற்றவை பத்திரம் என்று நம்பலாம். 4-இலிருந்து மேலே செல்லும்போது கோப்புகளுக்கு நிரந்தரச் சேதம் விளையக்கூடும். 6 என்பது ரீடூ லாக்கையே புறக்கணிப்பது. ஆகவே ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். 4-ஐயும் அதற்கு மேற்பட்டவற்றையும், முன்பு எடுத்துவைத்த நகலின் நகலிலேயே சோதிக்கவேண்டும்.

டம்ப் நடுவழியில் முறிந்தால், பிரைமரி கீயின் வரிசையில் முன்னிருந்து பின்னாக, வாசிக்க முடிந்த கடைசிப் பதிவு வரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இறங்குவரிசையில் பின்னிருந்து முன்னாக, அங்கே வாசிக்க முடிந்த கடைசிப் பதிவு வரை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னது 51,200-இல் நின்று, பின்னது 51,281-இல் நின்றால், இடைப்பட்ட 80 எண்கள்தான் தேடவேண்டியவை. ‘இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி’யின் மதிப்பு சுழியத்துக்கு மேல் இருக்கும்வரை இன்னோடிபி புதிய பதிவுகளை ஏற்காதாகையால், எடுத்தவற்றை வெளியே ஒரு கோப்பில்தான் எழுதவேண்டும். பின்னர் அந்த அமைப்பை நீக்கிவிட்டு, நல்ல டிஸ்க்கில் புதிய டேட்டா டைரக்டரியைத் தொடங்கி, அதில் எல்லாவற்றையும் ஏற்றுவது உத்தமம்.

பேக்கப்பும் பைனரி லாக்கும்

நல்ல பேக்கப்பும், அதன்பின் நடந்தவற்றைக் கூறும் பைனரி லாக்கும் இருக்குமாயின், மேற்கூறிய சிகிச்சைகள் பலவற்றுக்கு அவசியமே இராது. தனியாக ஒரு சர்வரை நிறுவி, கடைசி டம்ப்பை ஏற்றி, டம்ப் எடுத்த நேரத்தில் குறித்துவைத்த லாக் நிலையிலிருந்து, பழுது நேர்ந்ததற்குச் சற்று முன்வரை ‘மைஎஸ்கியூஎல்பின்லாக்’ கொண்டு மாறுதல்களை மறுபடி நிகழ்த்தி, அந்த ஓர் அட்டவணையை மட்டும் எடுத்துவந்து உரிய இடத்தில் வைத்துவிடலாம். மைஎஸ்கியூஎல்லில் 8.0 பதிப்பிலிருந்து பைனரி லாக் தானாகவே இயங்குகிறது. 30 நாட்கள் வரை சேமித்தும் வைக்கிறது. 5.7-இலும் அதற்கு முன்னும் நாமாக இயக்கினாலன்றி அது இராது. உங்கள் சர்வரில் அது இயங்குகிறதா என்பதைப் பழுது வருமுன்னரே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். மைஐசாம் அட்டவணைகளில் கடைசிப் பதிவு அட்டவணையில் ஏறி, லாக்கில் ஏறாமற் போயிருக்கக் கூடும் என்பதால், விபத்து நேர்ந்த கணத்தை ஒட்டிய ஓரிரு பதிவுகளைக் கையால் சரிபார்ப்பது நன்று.

மீட்டபின்

அட்டவணையைப் பயனாளிகளிடம் ஒப்படைக்குமுன் மீண்டும் ‘செக் டேபிள்’ கொடுங்கள். மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கை, மிகப் பெரிய ரசீது எண், தொகைப் பத்தியின் கூட்டு ஆகிய மூன்றையும் நேற்றைய கணக்கோடு ஒப்பிடுங்கள். ஆட்டோ இன்கிரிமென்ட் எண் மிகப் பெரிய எண்ணுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அடுத்த ரசீது பழைய எண்ணையே பெற முயலும். தாய் அட்டவணையில் காணாமற் போன பதிவைச் சுட்டிக்கொண்டு வேறு அட்டவணையில் அநாதையாக நிற்கும் பதிவுகள் உண்டா என்று தேடுங்கள். உடனே புதிய பேக்கப் ஒன்றை எடுங்கள். ஆனால் அதைப் பழைய பேக்கப்பின்மேல் எழுதிவிடாதீர்கள். பழுதான கோப்புகளின் நகலையும் கணக்கு முழுவதும் ஒத்துவரும்வரை அழிக்காதீர்கள். மைஐசாம் அட்டவணையாயின், அதை இன்னோடிபிக்கு மாற்றுவதற்கு இதைவிடத் தகுந்த வேளை வாய்க்காது. என்ன நேர்ந்தது, எந்தக் கட்டளை எந்த விடையைத் தந்தது, எத்தனை பதிவுகள் எங்கிருந்து மீட்கப்பட்டன என்பதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். அடுத்தமுறை அந்த நாற்காலியில் இருப்பவர் வேறொருவராக இருக்கலாம்.

இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்த வாசகர் செய்யவேண்டிய முதல் வேலை ஒன்று உண்டு. கடைசியாக எடுத்த பேக்கப்பை ஒரு காலி இயந்திரத்தில் ஏற்றி, அதில் உள்ள அட்டவணைகள் திறக்கின்றனவா, எண்ணிக்கைகள் ஒத்துவருகின்றனவா, ஏற்றுவதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று இந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். ஒருமுறையேனும் ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பிச் சர்வரை நடத்துவது, பேக்கப் இல்லாமல் நடத்துவதற்குச் சமம்.